எழுதியது: சோனா சத்தியதாஸ்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். உதியன்குளங்கரையில் அது வந்தது பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. கீழே ரோட்டில் பாறசாலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதிர்க்கடையில் ஒருவர் பழம்பொரியைக் கடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. தேதி, கிழமை, மணி எல்லாவற்றையும் பிஜு ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறான். கடைசியில் நடந்ததற்கு ஒரு சபை ஜனமே சாட்சி. பிஜு நல்லவனா என்று மட்டும் இப்போதே கேட்காதீர்கள். முடிவில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

1998. பிஜு தங்கையனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உதியன்குளங்கரை ஜங்ஷனில் மருந்துக்கடை மாடியில் ஒரு டி.டி.பி. சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். கல்யாண அழைப்பிதழ், இரங்கல் நோட்டீஸ், சபைப் பட்டியல் எல்லாம் மலையாளத்திலும் தமிழிலும் அடித்துக் கொடுப்பான். இருந்தது ஒரு கம்ப்யூட்டர். கூடவே 'கர்ர்… கர்ர்…' என்று தெருவையே எழுப்புகிற ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். லேசர் பிரிண்டர் என்பது அவனுக்குக் கைக்கு எட்டாத சமாச்சாரம்.

சோனா அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். அமரவிளை சத்தியதாஸ் சாரின் ஒரே மகள். படிக்கிற காலத்திலேயே பிஜு அவள் நோட்டைப் பார்த்து எழுதித்தான் பாஸானான் என்று ஒரு பேச்சு உண்டு. பிஜு அதை மறுத்ததில்லை.

படித்து முடித்து அவள் திருவனந்தபுரத்தில் ஒரு டிசைன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு வொர்க்ஸ்டேஷன் இருந்தது. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அண்ணன் மாதிரி. அதற்கென்றே செய்த ஒரு லேசர் பிரிண்டரும் கூட இருந்தது. அலுவலகம் இழுத்து மூடப்பட்டபோது இரண்டையும் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். சோனா கேட்டு வாங்கி, ஒரு டெம்போவில் ஏற்றி, அமரவிளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அந்தப் பிரிண்டரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். அதற்கு மூளை கிடையாது. மற்ற பிரிண்டர்களுக்கு உள்ளே கொஞ்சம் ஞாபகசக்தி இருக்கும், எழுத்துகள் இருக்கும். இதற்கு ஒன்றும் இல்லை. தாளில் எங்கெங்கே புள்ளி வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வதை நிறுத்தினால் அது வெறும் பெட்டி.

கம்பெனி கொடுத்த பழைய சாஃப்ட்வேர் செத்துப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. சோனா, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்த லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை அந்த வொர்க்ஸ்டேஷனில் ஏற்றினாள். பக்கத்தைப் புள்ளிகளாக உடைத்துக் கொடுக்க ஏற்கெனவே ஒரு இலவசப் புரோகிராம் இருந்தது. அதன் பெயர் கோஸ்ட்ஸ்கிரிப்ட். சிரிக்காதீர்கள், அது நாம் வைத்த பெயர் இல்லை. உடைத்த புள்ளிகளைப் பிரிண்டருக்கு அனுப்பத்தான் ஆளில்லை. அந்த டிரைவர் புரோகிராமை உலகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. சோனா எழுத ஆரம்பித்தாள். பத்து மாதம் எழுதினாள்.

1997 நவம்பர் 8. ரெண்டாம் சனி, லீவு நாள். துலாவர்ஷ இடி, ஐப்பசி மழையின் இடி, காலையிலிருந்தே முழங்கிக்கொண்டிருந்தது. சோனா ஏதோ சந்தேகம் கேட்டு மெயில் அனுப்ப மோடத்தை டெலிபோன் வயரில் மாட்டினாள். அவள் அம்மா சுகிர்தபாய் காப்பிக்குப் பால் வைத்தவள் மணி பார்த்தாள். மூன்று பத்து. அப்போதுதான் அந்த இடி விழுந்தது.

டெலிபோனும் மோடமும் கரிக்கட்டையாகிவிட்டன. சோனாவின் வலது கை மோடத்தின் மேல் இருந்தது. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் சுகிர்தபாய் பிஜுவை வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு மெஷினையும் காட்டினாள்.

"எடுத்துட்டுப் போ மக்கா. இங்க கெடந்து தூசி பிடிக்குது. ராவும் பகலும் அவ இதுக்க முன்னாலதான் கெடந்தா."

"செரி மாமி. நான் ஓட்டிக் காட்டுறேன், பாருங்க."

"ஒண்ணு கேட்டியா. அவ எப்பவும் சொல்லுவா… 'அம்மா, இதை ஆருக்கு வேணும்னாலும் சும்மா குடுக்கலாம். ஆரு வேணும்னாலும் மாத்தி எழுதலாம். முதல் வரியில எழுதினவங்களுக்க பேரு உண்டு, அதை மட்டும் எடுக்கப்பிடாது, அதாக்கும் இதுக்க நியாயம்'னு. அவளுக்க பேரு அங்க கெடக்கட்டும் மக்கா. வேற எங்கயும் அது இல்ல பாத்தியா."

"நான் என்னத்துக்கு மாமி எடுக்கப்போறேன்?"

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

கூடவே ஒரு ஃபிளாப்பி. நீல லேபிளில் அவள் கையெழுத்தில் 8-11-97 என்று தேதி. பிஜு அதிலிருந்த புரோகிராமை ஏற்றி, மெஷினை அதோடு ஓட வைக்க மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். கேபிள், கார்டு, செட்டிங் என்று ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 12, சனிக்கிழமை எல்லாம் கூடி வந்தது. ஒரு சபை நோட்டீஸை எடுத்து, வராது என்ற நினைப்போடுதான் என்டரைத் தட்டினான். மணி மூன்று பத்து.

'டக்…' என்று உள்ளே ஒரு சத்தம். பிறகு காற்றாடி சுற்றும் ஓசை. தாள் வந்தது. கறுப்பு மையில், கத்தியால் வெட்டியது மாதிரி எழுத்து. கன்னத்தில் வைத்துப் பார்த்தான், இளஞ்சூடாக இருந்தது. லேசர் பிரிண்டரிலிருந்து வரும் தாள் அப்படித்தான் இருக்கும்.

முதல் தடவையிலேயே ஓடுகிற புரோகிராம் உலகத்தில் கிடையாது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிஜுவுக்கும் அது தெரியும். ஆனால் ஓடுகிற வண்டியின் பானட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்? அவன் அந்தப் புரோகிராமை உள்ளே போய்ப் படிக்கவே இல்லை.

நெய்யாற்றின்கரையிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

அக்டோபர் 4, ஞாயிறு. பழைய மெஷின்களில் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு மெயில் குழு உண்டு. அதே பிரிண்டரை மூலையில் போட்டுவிட்டு ஏங்குகிறவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். பிஜு அவர்களுக்கு அந்த டிரைவரை அனுப்ப உட்கார்ந்தான். ஃபைலைத் திறந்தான். முதல் வரி.

எழுதியது: சோனா சத்தியதாஸ், அமரவிளை.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். அந்த இடத்தில் 'பிஜு தங்கையன், உதியன்குளங்கரை' என்று அடித்தான். அந்தப் பெயர் வேறு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெஷின் முழுக்கத் தேடி அதையும் துடைத்தான். ஃபிளாப்பியையும் விடவில்லை.

செத்தவளுக்குப் பேர் எதற்கு?

இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள்தான் சொன்னான். கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிட்டது.

பாராட்டு மெயில்கள் வந்து குவிந்தன. ஜெர்மனியிலிருந்து ஒரு பெரியவர், 'என்னுடையது கிடங்கில் கிடக்கிறது, எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்' என்று எழுதினார். இரண்டே வாரத்தில் பெங்களூரில் ஒரு கம்பெனி, 'இதை எழுதிய ஆள் எங்களுக்கு வேண்டும், டிசம்பரில் வந்து சேர்' என்றது. வேலை வந்த கையோடு கல்யாணமும் வந்தது. வெள்ளறடையில் ரப்பர் தோட்டக்காரர் மகள் ஷைனி. முன்பு ஒரு தடவை 'மருந்துக்கடை மாடிப் பயலுக்கா' என்று தட்டிவிட்ட அதே வீடு. இப்போது பெங்களூர் மாப்பிள்ளை என்றதும் அவர்களே ஆள் அனுப்பினார்கள். பிஜுவின் அம்மா செல்லபாய் சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அந்த வேலையும் அந்தப் பெண்ணும் அந்த ஒற்றை வரியில்தான் நின்றன.

அக்டோபர் 19, திங்கள். நல்ல வெயில். பிஜு டீ குடித்துக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் அனுப்பவில்லை.

'டக்…'

பிரிண்டர் விழித்துக்கொண்டது. ஒரு தாள் வந்தது. வெறும் வெள்ளைத் தாள். பிஜு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பத்து.

தாளை எடுத்தான். விரலை இழுத்துக்கொண்டான். சூடு இல்லை. ஜில்லென்று இருந்தது, மழையில் கிடந்தது மாதிரி. மேல் ஓரத்தில் தலைமுடி ஒட்டியது போல ஒரு மெல்லிய கோடு. ஊதினான், போகவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். கோடு இல்லை. எழுத்து.

எழுதியது: சோனா சத்தியதாஸ், அமரவிளை.

மறுபடியும் மெஷின் முழுக்கத் தேடினான். எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. ஃபைலின் முதல் வரியில் அவன் பெயர்தான் இருந்தது. மூளையே இல்லாத பிரிண்டர். சொன்ன புள்ளியை மட்டும் வைக்கிற பிரிண்டர்…

யார் சொன்னது?

மறுநாளும் வந்தது. அதே மூன்று பத்து. எழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

அக்டோபர் 24, சனி. சபை வாலிபர் சங்கப் பட்டியல் அடிக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் அந்த வயசுக்காரர்களில் பாதிப் பேர் பிஜுதான். அந்தச் சங்கத்திலும் நான்கு பிஜு. பட்டியலை வாங்கிப் போன சபைச் செயலர் பொன்னுதாஸ் அரை மணியில் திரும்பி வந்தார்.

"எலே, உனக்க பேரைக் காணல்லியே."

"நாலு பிஜு உண்டே அண்ணா."

"மூணாக்கும் இருக்கு. நீயே பாரு."

பார்த்தான். பதினேழாவது எண் இருந்தது. எதிரே காலி. திரையில் அவன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி அடித்தான். பதினேழு, காலி. ஐந்து தடவை அடித்தான். மற்ற மூன்று பிஜுவும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

"மெஷின் கோளாறு அண்ணா" என்று சொல்லிப் பேனாவால் எழுதிக் கொடுத்தான். பொன்னுதாஸ் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நவம்பர் 2, திங்கள். பிற்பகல் இரண்டரைக்கே வானம் கறுத்துவிட்டது. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. கீழே மருந்துக்கடையிலும் விளக்கு அணைந்தது. பிஜு நிம்மதியாக மூச்சு விட்டான். கரண்ட் இல்லை. இன்றைக்கு ஒன்றும் வராது.

மூன்று எட்டு… மூன்று ஒன்பது…

அவன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிரிண்டர் பிளக்கையும் பிடுங்கினான்.

மூன்று பத்து.

'டக்…'

தாள் வந்தது.

வயர் அவன் கையில் இருந்தது.

இன்னொரு தாள். இன்னொன்று. மூன்றும் தரையில் விழுந்தன. கருகிய வயர் வாசனை அறையில் நிறைந்தது. இப்போது பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. எழுத்து விரல் பருமனில் இருந்தது.

எழுதியது: சோனா சத்தியதாஸ், அமரவிளை.

அதன் கீழே புதிதாக ஒரு வரி.

அழித்தது:

அவ்வளவுதான். அதற்கு எதிரே காலி.

என்ன செய்தால் இது நிற்கும் என்று பிஜுவுக்குத் தெரியாமல் இல்லை. கரண்ட் வந்ததும் அவன் ஃபைலைத் திறந்தான். தன் பெயரை அழித்தான். 'சோனா' என்று அடித்தான். மெயில் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினான். 'இது என் வேலை இல்லை, என் சிநேகிதி எழுதியது.' அனுப்ப வேண்டிய பட்டனில் விரலை வைத்தான்…

பெங்களூர் நினைவுக்கு வந்தது. வெள்ளறடை வீட்டு முற்றத்தில் தனக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்ட மாமனார் நினைவுக்கு வந்தார். பட்டனிலிருந்து விரலை எடுத்தான். கடிதத்தை அழித்தான். சோனாவையும் அழித்தான்.

இரண்டாவது தடவை.

இதற்குப் பிறகு நடந்ததற்கு அவன்மேல் யாராவது இரக்கப்பட்டால் அது அவர்கள் பாடு. இதைச் சொல்கிறவனுக்கு இரக்கம் வரவில்லை.

பிரிண்டரின் வயரை வெட்டினான். கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைக் கழற்றினான். மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினான். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பத்து வந்தது, போனது. பிஜுவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

நவம்பர் 8, ஞாயிறு. அன்றுதான் முதல் ஓலை.

நம் பக்கத்துச் சபைகளில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகன் இன்னாருக்கும் இன்னாருடைய மகள் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். வாசிக்கிற தாளை அச்சடித்துக் கொடுப்பது எப்போதும் பிஜுதான். இந்தத் தடவை அவன் தன் கடையில் அடிக்கவில்லை. சனிக்கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போய், தெரியாத ஒருவர் கடையில், டாட் மேட்ரிக்ஸில் அடித்து வாங்கினான். 'கர்ர்… கர்ர்…' என்ற அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. ஐந்து தடவை வாசித்தான். பெயர் இருந்தது. கவரில் போட்டு ஒட்டிப் பொன்னுதாஸ் கையில் கொடுத்தான்.

காலை ஆராதனை. கோயில் நிறைய ஜனம். ஷைனியின் மாமாவும் சித்தப்பாவும் வெள்ளறடையிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார்கள். நாலாவது பெஞ்சில் வெள்ளைச் சேலையில் சுகிர்தபாய். மகள் போய் அன்றோடு ஒரு வருஷம்.

பிஜு அதை மறந்தே போயிருந்தான்.

போதகர் கவரைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"விவாக அறிவிப்பு. உதியன்குளங்கரை தங்கையன், செல்லபாய் ஆகியோரின் மகன்…"

நின்றார்.

தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார்.

"பேரு விட்டுப்போயிருக்கு." சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். "பரவாயில்ல, நம்ம… நம்ம…"

பிஜுவைப் பார்த்தார். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான். வாய் திறந்தபடி இருந்தது.

"நம்ம… என்ன பேரு… நாக்கு நுனியில நிக்குது…"

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

பொன்னுதாஸ் எழுந்தார். "அய்யா, அது… அது வந்து…" அப்படியே நின்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து செல்லபாய் எழுந்தாள்.

"எனக்க மவன்… எனக்க மவன்…"

பெற்றவளுக்கு வரவில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணில் நீர் நிறைந்தது.

பிஜு எழுந்தான். நான் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தான்.

அவனுக்கும் வரவில்லை.

தன் பெயர்…

தன் சொந்தப் பெயர்…

கோயில் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. அவன் கைக்கடிகாரத்தில் மூன்று பத்து.

கருகிய வயர் வாசனை வந்தது.

போதகர் மறுபடி தாளைப் பார்த்தார். "மேல என்னமோ எழுதியிருக்கு" என்றார். மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எழுதியது… சோனா சத்தியதாஸ்… அமரவிளை."

நாலாவது பெஞ்சில் சுகிர்தபாய் எழுந்து நின்றாள். கத்தவில்லை. அழவில்லை. பிஜுவின் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்க பேரை எடுத்தியாலே?"

மக்கா என்று கூப்பிட்ட வாய்.

"எடுத்தேன் மாமி."

"நான் சொன்னேன் இல்லியா?"

"சொன்னீங்க மாமி."

"ஓ…! பிஜு!" என்றார் போதகர், முள் எடுபட்டவர் போல. "பிஜு. பிஜு தங்கையன்." சபை முழுக்க ஒரே மூச்சு வெளிவந்தது. செல்லபாய் "பிஜு, பிஜு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்கள். இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

அன்று சாயங்காலமே பிஜு முதல் வரியைத் திருப்பி எழுதினான். மெயில் குழுவுக்கும் பெங்களூருக்கும் உண்மையை எழுதினான். பெங்களூர்க்காரர்கள் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்துக்கொண்டார்கள். அவன் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தான்.

பிறகு வெட்டிய வயரைச் சேர்த்தான். கேபிளை மாட்டினான். அதே கார்டு, அதே புரோகிராம், அதே மெஷின். இப்போது மேலே அவள் பெயர்கூட இருந்தது. என்டரைத் தட்டினான்.

வரவில்லை. மறுநாள் தட்டினான். வரவில்லை. மூன்று பத்து வரை காத்திருந்து தட்டினான். ஒரு புள்ளிகூட விழவில்லை. அந்தப் பிரிண்டர் அதன் பிறகு அச்சடிக்கவே இல்லை. பிஜு பழைய டாட் மேட்ரிக்ஸையே துடைத்து வைத்துக்கொண்டான். இப்போதும் யாராவது பின்னாலிருந்து "பிஜு" என்று கூப்பிட்டால், என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்னால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

டிசம்பர் 5, சனிக்கிழமை அந்த ஜெர்மன்காரரின் மெயில் வந்தது.

கிடங்கிலிருந்து பிரிண்டரை எடுத்து, துடைத்து, டிரைவரை ஏற்றிப் பார்த்தாராம். ஓடவில்லை. ஏன் என்று புரோகிராமை ஒவ்வொரு வரியாகப் படித்தாராம். 'அருமையாக எழுதியிருக்கிறார் உங்கள் சிநேகிதி' என்று எழுதியிருந்தார். 'ஆனால் ஒன்று புரியவில்லை. புள்ளிகளைப் பிரிண்டருக்கு அனுப்பும் பகுதிதான் இதில் முக்கியம். அந்தப் பகுதி காலியாக இருக்கிறது. தலைப்பு மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே எழுதவில்லை. இதை வைத்து நீங்கள் எப்படி அச்சடித்தீர்கள்?'

பிஜு ஃபைலைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, முதல் வரியைத் தாண்டிக் கீழே படித்தான். ஜெர்மன்காரர் சொன்ன இடம் வந்தது. அடைப்புக்குறி திறந்தது, மூடியது. நடுவே அவள் தனக்காகப் போட்டுக்கொண்ட ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

'அனுப்பும் பகுதி. இன்று சாயங்காலம் எழுதி முடிக்க வேண்டும். 8-11-97.'

அந்தச் சாயங்காலம் அவளுக்கு வரவில்லை.

பிஜு டைரியை எடுத்தான். செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 4 வரை எழுதி வைத்திருந்ததைப் படித்தான். கல்யாண அழைப்பிதழ், சபை நோட்டீஸ், இரங்கல் அறிவிப்பு… அவன் கேட்ட ஒவ்வொரு தாளும் கேட்ட உடனே வந்திருந்தது. அவள் பெயர் முதல் வரியில் இருந்த இருபத்திரண்டு நாள்.

அந்தத் தாள்கள் எல்லாம் சூடாகத்தான் இருந்தன.